இசட் புள்ளி எல்லையில் நிற்கிறேன், இன்னொரு பக்கம் மெடிசின் நேர்முகம்: மலையகத்து அண்ணா அக்காமார் வழி சொல்லுங்கள்

மஸ்கெலியா தங்கச்சி:

எல்லாருக்கும் வணக்கம். நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். ஏ.எல் (உயர்தரம்) பையோ, தமிழ் மீடியம். மறுபடி எழுதிய பரீட்சைக்குப் பெறுபேறு வந்துவிட்டது. போன தடவையை விட இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் தரப்புள்ளி) நல்லாவே கூடியிருக்கிறது. ஆனால் நுவரெலியா மாவட்டத்துக்குப் போன வருஷம் மெடிசினுக்கு வந்த வெட்டுப்புள்ளியோடு வைத்துப் பார்த்தால் இரண்டாம் தசமத்தில் கீழே நிற்கிறேன். டியூஷன் சேர் ஒருவர், "இந்த வருஷம் பேப்பர் கஷ்டம், கட்டாயம் இறங்கும்" என்கிறார். இன்னொரு சேர், "பிள்ளைகள் நல்லாச் செய்திருக்கிறார்கள், ஏறும்" என்கிறார். யூ.ஜி.சி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) விண்ணப்பம் போட்டாயிற்று. வெட்டுப்புள்ளி வர இன்னும் மாசக்கணக்கில் ஆகும்.

அம்மா கொழுந்து எடுக்கிறார். அப்பா கொழும்பில் கடை வேலை. பெறுபேறு வந்த நாளிலிருந்து லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எல்லாரும் "டொக்டர் மகள்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். கோயிலில் பூசாரி ஐயா அர்ச்சனைக்குக் காசு வாங்கவில்லை. எனக்குத் தண்ணிக்குழாய்க்குப் போகவே கூச்சமாக இருக்கிறது. கிடைக்கவில்லை என்றால் இவர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

இதற்கிடையில் கனடாவில் இருக்கிற பெரியப்பா சொல்லி, மலேசியாவில் ஒரு தனியார் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டேன். கட்டணத்தில் ஒரு பகுதிக்குப் புலமைப்பரிசில் தருவார்களாம், மீதியைப் பெரியப்பா பார்ப்பதாகச் சொல்கிறார். ஒன்லைனில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எம்.எம்.ஐ (பல சின்ன நேர்முகங்கள்) என்று போட்டிருக்கிறது. எட்டு நிலையம், ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆள். இதுவரைக்கும் நான் ஒரு நேர்முகத்துக்கும் போனதில்லை. எங்கள் பாடசாலையிலும் இதைப் பற்றி யாருக்கும் தெரியாது.

விண்ணப்பம் பார்த்த கொழும்பு ஏஜெண்ட் ஆங்கிலத்தில் பதில்கள் அடித்த தாள்க்கட்டு ஒன்று தந்து மனப்பாடம் செய்யச் சொன்னார். "மனித குலத்துக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்" என்று தொடங்குகிறது. தோட்டம், லயம் எதையும் பேச வேண்டாம், "அப்பா வியாபாரம்" என்று சொல்லு என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் ஏன் டொக்டராக ஆசைப்பட்டேன் என்றால், ஒன்பதாம் ஆண்டு படிக்கும்போது மலையில் குளவி கலைந்து அம்மாவையும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவையும் கொட்டியது. லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அம்மா பிழைத்தார். பெரியம்மா பிழைக்கவில்லை. இதைச் சொல்லலாமா, சொல்லக்கூடாதா?

ஏ.எல்லுக்கு இன்னும் ஒரு தடவைதான் மிச்சம். அதற்கும் இப்போதே படிக்கத் தொடங்குவதா? நேர்முகத்துக்கு எப்படி ஆயத்தமாவது? இந்தக் காத்திருப்பை எப்படித் தாங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஹட்டன் கெமிஸ்ட்ரி சேர் (ஓய்வு):

மகள், முதலில் வெட்டுப்புள்ளி விஷயத்தைச் சொல்லி விடுகிறேன். பேப்பர் கஷ்டம் என்றால் இறங்கும், லேசு என்றால் ஏறும் என்பது சரியில்லை. ஒவ்வொரு பாடத்திலும் உன் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடத்துக்கும் சேர்த்துச் சராசரி எடுப்பதுதான் இசட் புள்ளி. பேப்பர் கஷ்டமாக இருந்தால் சராசரியும் சேர்ந்துதான் இறங்கியிருக்கும். வெட்டுப்புள்ளியை அசைப்பது வேறு: அந்த வருஷம் எத்தனை இடம், நம் மாவட்டத்தில் மேலே எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் அகில இலங்கை வரிசையிலேயே எடுபட்டுப் போனார்கள். இதை டியூஷன் வகுப்பில் இருந்துகொண்டு யாராலும் கணிக்க முடியாது. அதனால் இரண்டு சேர்மார் சொன்னதையும் மனதிலிருந்து எடுத்துவிடு.

உன் பெயர் மூன்று வரிசையில் பார்க்கப்படுகிறது. 40 வீதம் இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்தப் பதினாறில் உண்டு. கண்டி, மாத்தளைப் பிள்ளைகளுக்கு அந்த 5 வீதம் இல்லை. வெளி மாவட்டத்திலிருந்து நல்ல வசதியோடு படித்த பிள்ளைகள் இங்கே வந்து பதிந்து இந்த இடங்களை எடுத்துக்கொள்வதில் எனக்குப் பல வருஷத்துக் கோபம் இருக்கிறது. ஒரு பௌதிகவியல் ஆசிரியர் இல்லாமல் தவணைக் கணக்காகக் கிடந்த தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்காக வைத்த இடம் அது. சரி, அதை நீ இப்போது மாற்ற முடியாது.

முதல் பட்டியல் வந்து பெயர் இல்லை என்றதும் எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்து விடாதே. பதிவுக்கு வராதவர்களின் வெற்றிடங்களைப் பிறகு நிரப்புவார்கள். அந்த அறிவித்தல்களை விடாமல் பார். விண்ணப்பத்தில் பேராதனைப் பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் உள்ள சித்த மருத்துவம், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம் எல்லாம் உன் விருப்ப வரிசையில் போட்டிருப்பாய் என்று நம்புகிறேன். ஒன்றில் பதிவு செய்யும் முன் கையேட்டில் பதிவைப் பற்றி உள்ள விதிகளை வரி விடாமல் வாசி. அடுத்த தடவைப் பெறுபேற்றை வைத்து மெடிசினுக்கு விண்ணப்பிக்கும் உரிமை அதில் தங்கியிருக்கிறது.

மூன்றாம் தடவைக்குப் படி. வெட்டுப்புள்ளி வரும் வரைக்கும் புத்தகத்தை மூடி வைத்த பிள்ளைகள் பிறகு மறுபடி தொடங்கப் பட்ட பாட்டை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நேர்முகத்தைப் பற்றிப் படித்த டொக்டர்மார் சொல்லட்டும்.

மலைநாட்டு டொக்டர் அக்கா:

தங்கச்சி, நான் இராகலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். மெடிசின் யாழ்ப்பாணத்தில். பிறகு மேற்பயிற்சிக்காக இங்கிலாந்தில் இருந்த காலத்தில் அங்கே ஒரு மருத்துவ பீடத்தின் எம்.எம்.ஐயில் புள்ளி போடும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததை உனக்குச் சொல்கிறேன். யூ.ஜி.சி வழியாகப் போகும் நம் நாட்டு அரச மருத்துவ பீடங்களுக்கு நேர்முகம் கிடையாது, எல்லாம் இசட் புள்ளிதான். அதனால் நம் பிள்ளைகளுக்கு இதில் பழக்கமே இல்லை. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அந்தத் தாள்க்கட்டைத் திறக்காதே. அன்றைக்கு என் முன்னால் வந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் "சேவை" என்றுதான் தொடங்கினார்கள். நான்காவது பிள்ளையோடு என் காது அடைத்துப் போயிற்று. புள்ளித்தாளில் "சேவை மனப்பான்மை" என்று ஒரு பெட்டி இல்லை. பிள்ளை தான் கண்டதைக் கவனமாகப் பார்த்திருக்கிறதா, பார்த்ததைப் பற்றி யோசித்திருக்கிறதா, பிறகு ஏதாவது செய்ததா என்பதற்குத்தான் பெட்டி இருந்தது.

குளவிக் கதையைச் சொல். கட்டாயம் சொல். ஆனால் அழ வைக்கிற மாதிரிச் சொல்லி நிறுத்தாதே. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே கூட்டுக் குளவிதான் கொட்டியது, ஒருவர் பிழைத்தார், ஒருவர் பிழைக்கவில்லை. ஏன்? இந்தக் கேள்வி உனக்குள் இத்தனை வருஷம் இருந்திருக்கும். அதைச் சொல். கொட்டு எத்தனை என்பதும் காரணம், உடம்பு அந்த விஷத்துக்குக் காட்டும் ஒவ்வாமையும் காரணம். சிலருக்குச் சில நிமிஷத்தில் தொண்டை வீங்கி இரத்த அழுத்தம் விழுந்துவிடும். அதற்கு முதல் மருந்து அட்ரினலின், தொடைத் தசையில் ஊசி. அது எங்கே இருந்தது? தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்ததா? லொறி வர எவ்வளவு நேரம்? டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டி 2017இல் திறந்த 150 கட்டில் ஆஸ்பத்திரி வரைக்கும் உங்கள் தோட்டத்திலிருந்து மழைநாளில் எவ்வளவு நேரம்? இந்தக் கணக்கை உன்னை விட நன்றாகச் சொல்லக்கூடிய பிள்ளை அந்த நேர்முகத்தில் இருக்காது. கதையைக் கேள்வியில் கொண்டு போய் முடி, "இதைத்தான் படிக்க வருகிறேன்" என்று சொல். இவ்வளவும் இரண்டு நிமிஷத்துக்குள் சொல்லலாம்.

அப்பா வியாபாரம் என்று சொல்லச் சொன்னாரா? எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. நேர்முகத்தில் ஒரு பொய் சொன்னால் அதைக் காப்பாற்றவே மிச்ச நேரம் போய்விடும். இதை விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. உன்னிடம் இருக்கிற பெரிய பலம் அந்த லயத்திலிருந்து வந்தது, அதையே அவர் மறைக்கச் சொல்கிறார். 2016 குடிசன சுகாதார மதிப்பீட்டில், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 வீதம், தோட்டப்புறத்தில் கிட்டத்தட்ட 32 வீதம். இந்த எண்ணை மற்றப் பிள்ளைகள் படித்துச் சொல்வார்கள். நீ பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) வளர்ந்தவள். அம்மா விடியற்காலையில் மலைக்குப் போனபின் அங்கே பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்று உனக்குத் தெரியும்.

இன்னொன்று கேட்கிறேன். சின்ன வயதில் அம்மாவோடு கிளினிக்குக்குப் போய், சிங்களத்தில் டொக்டர் சொன்னதை நீ அம்மாவுக்குத் தமிழில் சொன்னாயா? நம் பெட்டைகள் எல்லாரும் அதைச் செய்திருக்கிறோம். பதினொரு வயதில் அம்மாவின் மாதவிலக்கைப் பற்றி ஒரு ஆண் டொக்டருக்குச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு நான் நின்றேன். அம்மா பாதியை என்னிடமே மறைத்தார், மகளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று. டொக்டருக்குப் பாதி நோய்தான் போய்ச் சேர்ந்தது. தொடர்பாடல் நிலையம் என்று ஒன்று வரும், நோயாளிக்குக் கெட்ட செய்தி சொல்வது, கோபமாக இருக்கிறவரோடு பேசுவது என்ற மாதிரி. அங்கே இந்த அனுபவம்தான் கை கொடுக்கும். எதிரில் இருப்பவர் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று நீ சின்னதிலிருந்தே கவனித்திருக்கிறாய். முதலில் கேள்: "உங்களுக்கு இதைப் பற்றி என்ன தெரியும்? தனியாகப் பேசலாமா, யாராவது கூட இருக்க வேண்டுமா?" செய்தியைச் சொன்னபின் கொஞ்ச நேரம் பேசாமல் இரு. அவர் பேசட்டும்.

ஒழுக்கவியல் நிலையம் ஒன்றும் நிச்சயம் வரும். நாமே ஒன்றை வைத்துப் பழகுவோம். தோட்டத்துத் தொழிலாளி ஒருவருக்குக் காசநோய். வேலையில் பேர் வெட்டிவிடுவார்கள், லயத்தில் ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்து யாருக்கும் சொல்ல வேண்டாம் என்கிறார். தோட்டத்து ஒபிஸிலிருந்து துரை (மனேஜர்) போன் பண்ணி, "அந்த ஆளுக்கு என்ன வருத்தம்? உண்மையாகவே வேலை செய்ய முடியாதா?" என்று கேட்கிறார். நீ டொக்டர். என்ன செய்வாய்?

"சொல்ல மாட்டேன்" என்றால் பாதிப் புள்ளி. "எல்லாருக்கும் தொற்றும், சொல்லுவேன்" என்றால் அதுவும் பாதி. இரண்டு பக்கமும் யார் யாருக்கு என்ன நடக்கும் என்று வாய்விட்டு யோசித்துக் காட்ட வேண்டும். நோயாளியின் இரகசியம் அவருடையது. துரைக்கு நோயின் பெயர் தேவையில்லை, இத்தனை நாளைக்கு ஓய்வு தேவை என்ற சான்றிதழ் போதும். ஆனால் காசநோய் நம் நாட்டில் அறிவிக்க வேண்டிய நோய், சுகாதார அதிகாரிகளுக்கு அறிவிப்பது சட்டம். வீட்டில் இருக்கிறவர்களைப் பரிசோதிக்க வேண்டும், பக்கத்துக் காம்பராவில் கைக்குழந்தை இருக்கலாம். இதை நோயாளிக்கு மறைக்காமல் முதலிலேயே சொல்ல வேண்டும்: யாருக்குச் சொல்வேன், யாருக்குச் சொல்ல மாட்டேன், ஏன். மருந்தை ஒழுங்காக எடுத்தால் குணமாகும் என்பதையும் சேர்த்து. நோயாளியின் விருப்பம், அவருக்கு நன்மை, தீங்கு செய்யாமை, எல்லாருக்கும் நியாயம் என்று நான்கையும் இப்படி ஒரு ஆளை வைத்து யோசித்துப் பார்த்தால் பெயர்களைப் பாடமாக்கத் தேவையில்லை.

ஆங்கிலம். சின்ன வசனம் பேசு. கேள்வி விளங்கவில்லை என்றால் திரும்பக் கேள், அதற்குப் புள்ளி குறைவதில்லை. பதில் சொல்ல முன் பத்து விநாடி யோசி. பாடமாக்கிய பிள்ளைதான் கேள்வி முடிய முதலே பேசத் தொடங்கும். அதை நாங்கள் உடனே கண்டுபிடித்து விடுவோம்.

காசு கட்டும் முன் இரண்டு வேலை செய். அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இலங்கை மருத்துவப் பேரவை ஏற்றுக்கொள்கிறதா, உன் ஏ.எல் பெறுபேறு அவர்களுடைய நிபந்தனைக்குப் போதுமா என்று பேரவைக்கே எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கு. ஏஜெண்ட் வாயால் சொல்வது கணக்கில்லை. வெளிநாட்டில் படித்து வந்தால் இங்கே பதிவுக்கு ஈ.ஆர்.பி.எம் பரீட்சை எழுத வேண்டும் என்பதையும் பெரியப்பாவுக்கு இப்போதே சொல்லிவை. படிப்புக் காலத்துக்கு மேலும் சில காலம் செலவுக்கு வேண்டும்.

இனிக் காத்திருப்பு. நெதர்லாந்தில் 1970களிலிருந்து 2017 வரைக்கும் மருத்துவ பீட இடங்களைப் பெரும்பாலும் சீட்டுக் குலுக்கித்தான் கொடுத்தார்கள், பள்ளிக்கூடப் புள்ளி கூடியவர்களுக்குக் குலுக்கலில் வாய்ப்பைக் கூட்டி வைத்து. தகுதியான பிள்ளைகள் இடங்களை விட அதிகம், அவர்களுக்குள் யார் நல்ல டொக்டராவார் என்று பரீட்சையால் பிரித்துச் சொல்ல முடியாது என்பதை ஒரு நாடு வெளிப்படையாக ஒத்துக்கொண்டது. பிறகு நிறுத்தினார்கள், 2023இல் மறுபடி குலுக்கலுக்கு அனுமதி கொடுத்தார்கள். இரண்டாம் தசமத்தில் உனக்கும் மேலே நிற்கிற பிள்ளைக்கும் உள்ள வித்தியாசமும் அப்படித்தான். நீ கெட்டிக்காரியா இல்லையா என்பதை அந்த எண் சொல்லவில்லை. இத்தனை இடம், இத்தனை பேர், அவ்வளவுதான் அது சொல்வது.

லயத்துப் பேச்சுக்கு ஒரு வழி: அம்மாவை விட்டுச் சொல்லச் சொல். "இன்னும் முடிவு வரவில்லை, வந்தால் நாங்களே சொல்கிறோம்" என்று அம்மா ஒரு தடவை குழாயடியில் சொன்னால் எல்லாருக்கும் போய்விடும். பின்னேரத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓ.எல் (சாதாரண தர) விஞ்ஞானம் சொல்லிக் கொடு. "டொக்டர் மகள்" என்று கூப்பிட்டவர்கள் கொஞ்ச நாளில் "டீச்சர்" என்பார்கள். உன் ஏ.எல் அடிப்படையும் மறக்காது. இரவில் நித்திரை வராமல், செத்தால் என்ன என்ற மாதிரி எண்ணம் வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1926க்குப் போன் பண்ணு. தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பெறுபேறு வந்த வாரங்களில் நம் பக்கத்துப் பிள்ளைகளை வார்டில் பார்த்தவள் சொல்கிறேன், இதை லேசாக எடுக்காதே.

பதுளை பையன், மூன்றாம் வருஷம்:

அக்கா சொன்னதற்கு மேல் பெரிதாக இல்லை. நான் மலேசியாவில் இன்னொரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன், எனக்கும் ஒன்லைன் எம்.எம்.ஐதான் நடந்தது. நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

திரையில் ஒரு சின்னச் சம்பவம் எழுதி வரும். வாசிக்க ஒன்று, இரண்டு நிமிஷம் தருவார்கள். அதற்குப் பிறகு ஆள் வருவார், ஐந்து முதல் எட்டு நிமிஷம் பேச்சு. நேரம் முடிந்ததும் வசனம் பாதியில் நின்றாலும் அடுத்த அறைக்குத் தள்ளிவிடும். பயப்படாதீர்கள், எல்லாருக்கும் அப்படித்தான். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் புள்ளி போடுகிறார்கள். மூன்றாவது ஆளுக்கு முன்னால் உளறியது நான்காவது ஆளுக்குத் தெரியாது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இந்த முறையை உண்டாக்கியதே அதற்காகத்தான். ஒரே குழு ஒரு தடவை பார்த்துப் போடும் புள்ளி, அந்தக் குழுவையும் அன்றைய கேள்வியையும் பொறுத்துப் போய்விடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். ஒரு நிலையம் பிழையாகப் போனால் அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். எனக்கு ஒரு கணக்கு நிலையம் சுத்தமாக வரவில்லை, அடுத்ததில் நல்லாப் பேசினேன், இடம் கிடைத்தது.

பழகுவதற்குத் தனியாகக் கண்ணாடி முன் நிற்காதீர்கள். ஆள் வேண்டும். நான் தங்கச்சியை உட்கார வைத்து, போனில் நேரம் வைத்து, கோபக்கார நோயாளியாக நடிக்கச் சொன்னேன். அவள் உண்மையாகவே திட்டினாள், நல்ல பயிற்சி. ஒரு நாளைக்கு இரண்டு கேள்வி போதும். பேசியதை ரெக்கோர்ட் பண்ணிக் கேளுங்கள்.

மஸ்கெலியாவில் சிக்னல் எப்படி என்று எனக்குத் தெரியும். நேர்முகத்தை வீட்டில் வைத்துச் செய்ய வேண்டாம். மழை வந்தால் கரண்ட் போகும், டவரும் போகும். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ தெரிந்த ஒருவருடைய வீட்டில் வைஃபை உள்ள அறை கேளுங்கள், முதல் நாளே போய்த் தங்குங்கள். இரண்டு கம்பெனி சிம்மில் டேட்டா போட்டு ஒரு போனை ஆயத்தமாக வையுங்கள். லைன் அறுந்தால் எந்த இலக்கத்துக்குப் பேச வேண்டும் என்று பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே கேட்டு எழுதி மேசையில் ஒட்டுங்கள். அறுந்தவர்களுக்கு அந்த நிலையத்தை மறுபடி தந்ததை எங்கள் பெட்ச்சில் பார்த்தேன்.

மஸ்கெலியா தங்கச்சி:

சேர், அக்கா, அண்ணா, மூன்று பேருக்கும் கை எடுத்துக் கும்பிடுகிறேன். அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கிளினிக் கதை வந்த இடத்தில் அம்மா அடுப்படிக்கு எழும்பிப் போய்விட்டார். கொஞ்சம் கழித்து வந்து, "அன்றைக்கு நானும் உன்னிடம் எல்லாம் சொல்லவில்லை" என்றார். பிறகு வெகுநேரம் பேசினோம்.

ஹட்டனில் எங்கள் பையோ டீச்சர் வீட்டில் அறை தருவதாகச் சொல்லிவிட்டார். தம்பி துரையாக நடிக்கிறான்.

காசநோய்க் கேள்வியில் என்னை ஒன்று மடக்குகிறது. துரை, "அப்படியென்றால் தொற்று நோய்தானே?" என்று நேராகவே கேட்டால்? இல்லை என்றால் பொய், பேசாமல் இருந்தால் ஆம் என்று ஆகிவிடும். தம்பி இதையே கேட்டு என்னை முழிக்க வைத்துவிட்டான்.

இன்னொன்று. "உங்கள் நாட்டில் அரச இடம் கிடைத்தால் எங்களிடம் வருவாயா?" என்று கேட்டால் என்ன சொல்வது? கட்டாயம் வருவேன் என்று சொல்லச் சொல்கிறார் ஏஜெண்ட். எனக்குப் பேராதனையோ யாழ்ப்பாணமோ கிடைத்தால் போகத்தான் ஆசை. பெரியப்பாவுக்கும் பாரம் குறையும்.

மலைநாட்டு டொக்டர் அக்கா:

தம்பியை டொக்டருக்குப் படிக்க விடு, நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். துரைக்கு இப்படிச் சொல்: "எந்த நோயாளியைப் பற்றி யார் கேட்டாலும் நான் நோயைச் சொல்வதில்லை. தோட்டத்தில் மற்றவர்களுக்கு ஆபத்து வரும் என்றால் சுகாதார வைத்திய அதிகாரி உங்களோடு பேசுவார்." எல்லாருக்கும் ஒரே பதில் சொல்கிற டொக்டருடைய மௌனத்திலிருந்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. சளிக்காய்ச்சலுக்கும் அதே பதில்தான் சொல்லியிருக்க வேண்டும். நேர்முகத்தில் அதையும் சேர்த்துச் சொல்.

இரண்டாவது கேள்விக்கு உண்மையைச் சொல். "எங்கள் நாட்டில் அரச மருத்துவப் படிப்பு இலவசம். இடம் கிடைத்தால் என் குடும்பத்துக்காக அதை எடுப்பேன். கிடைக்காவிட்டால் உங்களிடம் முழு மனதோடு வருவேன்." அவ்வளவுதான். அந்த நிலைமையில் உள்ள பிள்ளைகள் வருஷா வருஷம் அவர்களுக்கு விண்ணப்பிக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. நான் புள்ளி போட்டிருந்தால் இந்தப் பதிலுக்குக் குறைத்திருக்க மாட்டேன்.

உண்மையான சிக்கல் காசு கட்டும் தேதியில்தான் இருக்கிறது. யூ.ஜி.சி பட்டியல் வர முதல் முற்பணம் கட்டச் சொன்னால் என்ன செய்வாய்? அதனால் நேர்முகத்துக்கு முன்பே அவர்களுக்கு மின்னஞ்சல் போட்டு மூன்று விஷயம் கேள்: முற்பணம் கட்டக் கடைசித் தேதி எது, அதைத் தள்ளிப் போடலாமா, கட்டிய பிறகு வராவிட்டால் எவ்வளவு திரும்பத் தருவார்கள். ஏஜெண்ட் மூலமாக வேண்டாம், உன் பெயரில் போடு, பெரியப்பாவுக்கும் ஒரு பிரதி போகட்டும். ஆங்கிலத்தில் நீயே எழுதி முதலில் எனக்கு இங்கே தனிச் செய்தியில் அனுப்பு. நாளைக்கு இரவு டியூட்டி முடிந்து வந்ததும் திருத்தித் தருகிறேன்.